விழுந்த கல் எங்கே? – பொம்மைக் கல்லில் ஒரு 99 கதவு வீடு



இந்தப் பகுதியில் வழக்கமாகச் சிறுகதை, கவிதை, நாடகம் பற்றித்தான் எழுதுவோம். இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது மாணவர்கள் லெகோ வகைக் கற்களால் கட்டிய மூன்று மாதிரிகள். எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகக் கண்காட்சிக்காகப் படிவம் ஒன்று, இரண்டு மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிந்து நிபோங் திபாலின் 99 கதவு வீட்டைச் செய்து வைத்தார்கள். இடிந்த சுவர், அதன்மேல் செடி கொடி, உள்ளே இருட்டு. வந்து பார்த்தவர்கள் “ரொம்ப அழகா இருக்கு” என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுரை நோட்டில் வெறும் ‘நன்று’ போட்டுத் திருப்பிக் கொடுப்பதுபோல அதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கதையைப் படிக்கும் கண்ணோடு இந்த மாதிரிகளையும் படித்துப் பார்ப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

செடி மண்டிய இடிபாடு என்பது பொம்மைக் கல் கட்டுபவர்களுக்கு உலகம் முழுக்கப் பிடித்த காட்சி. காரணம் சுலபமானது. முழு வீடு கட்டக் கல் பத்தாது. இடிந்த வீடு கட்ட இருக்கிற கல் போதும். நிறம் பொருந்தவில்லையா, பழசு என்று சொல்லலாம். சுவர் கோணலா, சாய்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஓட்டை தெரிகிறதா, அங்கே ஒரு இலையைச் செருகிவிடலாம். எங்கள் மாணவன் ஒருவன் வாய்விட்டே சொன்னான்: “டீச்சர், இடிஞ்ச வீடுன்னா தப்பே வராது!” இந்த வகைக் கட்டுமானத்தின் கவர்ச்சியும் பலவீனமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

கொஞ்சம் கணக்கும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் பயன்படும். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் ஒரு தச்சர் மரப் பொம்மை செய்யத் தொடங்கியதுதான் லெகோ. இன்று நாம் பார்க்கும், மேலே குமிழும் உள்ளே குழாயும் உள்ள கல்லுக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். ஒரு கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கற்கள் ஆறு கொடுத்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்துக்கு மேற்பட்ட வகையில் இணைக்கலாம். அவ்வளவு சுதந்திரம் உள்ள பொருளை வைத்துக்கொண்டு, எல்லாரும் ஏன் ஒரே மாதிரி இடிபாட்டைக் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்குக் கடைப் பெட்டியும் ஒரு காரணம். 2023-இல் லெகோ நிறுவனம் இண்டியானா ஜோன்ஸ் படக் காட்சியை வைத்து 1,545 துண்டுகள் கொண்ட ஒரு கோயில் தொகுதியை வெளியிட்டது. 1981-இல் வந்த படத்தின் தொடக்கக் காட்சி அது. தங்கச் சிலை, உருண்டு வரும் பாறை, பொறிகள், கல்லிடுக்கில் தொங்கும் கொடிகள். இயந்திர வேலை பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதை? அந்தக் கோயிலைக் கட்டியவர் யார், அங்கே வழிபட்டவர் யார், ஏன் விட்டுப் போனார்கள் என்று கேட்கவே அதில் இடமில்லை. வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், பொருளை எடுக்கிறார், ஓடுகிறார். அந்தப் பாழ் அவருடைய சாகசத்துக்கு ஒரு திரைச்சீலை. செடியும் அப்படித்தான், ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்வதற்காக ஒட்டப்பட்ட பச்சை.

நிஜ இடிபாட்டிலும் இந்த ஒப்பனை உண்டு. கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் எழுப்பிய தா புரோம் கோயிலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுவரைப் பிடித்து இறங்கும் பிரம்மாண்டமான வேர்கள். அங்கோர் கோயில்களை மீட்டுக் கட்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், இந்த ஒன்றை மட்டும் காட்டோடு சேர்த்துக் கண்டெடுத்த நிலையிலேயே விட்டுவைப்போம் என்று முடிவெடுத்தார்கள். அப்படி விட்டுவைப்பதற்கும் வேலை செய்ய வேண்டியிருந்தது. விழாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், நடைபாதை போட வேண்டும். நம் இந்தியத் தொல்லியல் துறைகூட அங்கே பாதுகாப்புப் பணி செய்திருக்கிறது. ஆக, ‘இயற்கை விழுங்கிய கோயில்’ என்று நாம் வியக்கும் காட்சி பாதி இயற்கை, பாதி மனித முடிவு. இதை மாணவர்களிடம் சொன்னபோது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்!

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

99 கதவு வீடு நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தைச் சேர்ந்த மாளிகை. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு மாடிக் கட்டடம். ராம்ஸ்டென் என்ற ஆங்கிலேய முதலாளிக் குடும்பத்தின் வீடு. கதவுகளின் எண்ணிக்கையே அதற்குப் பெயராகிவிட்டது. 1948-இல், அவசரகாலச் சட்டம் வந்த அதே ஆண்டில், ஜான் ராம்ஸ்டென் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வீடு மெல்ல மெல்ல ஆளில்லாமல் போனது. இன்று செம்பனைகளுக்கு நடுவே, சாந்து உதிர்ந்து, சுவரில் வேர் ஏறி நிற்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது வேறு கதை: அங்கே நூறாவது கதவு ஒன்று இருக்கிறதாம், அது திறந்தால் பேய் உலகமாம். இணையத்தில் தேடினாலும் முதலில் வருவது அந்தப் பேய்தான்.

மூன்று மாதிரிகளில் முதல் குழுவினுடையது முழுக்க முழுக்க இந்தப் பேய்க் கதை. கறுப்புக் கல், சிவப்பு விளக்கு, வாசலில் வெள்ளைத் துணி கட்டிய பொம்மை. ‘மர்ம மாளிகை’ என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். நேரடியாகச் சொன்னால், இதை நிபோங் திபாலில் வைத்தாலும் ஒன்றுதான், லண்டனில் வைத்தாலும் ஒன்றுதான். கட்டுரைகளில் நாம் திருத்தித் திருத்திச் சலித்துப் போகும் ‘பாழடைந்த பங்களா, வௌவால்கள், திடீரென்று ஓர் அலறல்’ என்ற மூன்று வரி இருக்கிறதே, அதன் பொம்மை வடிவம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் குழுவினுடையதுதான் என்னை நிறுத்தி வைத்தது. அவர்கள் முதலில் கதவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த அடித்தட்டு 48-க்கு 48 குமிழ். வழக்கமான கதவுச் சட்டம் நான்கு குமிழ் அகலம். நான்கு பக்கமும் சேர்த்தால் 192 குமிழ், இரண்டு மாடிக்கு 384. ஆனால் 99 கதவுக்கு 396 குமிழ் வேண்டும்! சுவரே இல்லாமல் வெறும் கதவாக அடுக்கினாலும் வெளிச்சுற்றில் இடம் போதாது. “அப்படின்னா கதவெல்லாம் வீட்டுக்கு உள்ளதான டீச்சர் இருக்கணும்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு. மின்விசிறி இல்லாத காலத்தில் காற்று வீட்டைக் குறுக்கே கடக்க வேண்டும் என்றால் எதிரெதிரே கதவு வேண்டும். பேய்க்கான கதவுகள் காற்றுக்கான கதவுகளாக மாறியது அந்த மேசையில்தான். பேய்க் கதையை மறுத்து நான் அரைமணி நேரம் பேசியிருந்தால்கூட இது நடந்திருக்காது.

பிறகு அவர்கள் எடுத்த முடிவும் நல்ல முடிவு. முழு வீட்டை விட்டுவிட்டு ஒரு மூலையை மட்டும், 17 கதவுகளோடு, பெரிதாகக் கட்டினார்கள். பாதியில் வெட்டுப்பட்டதுபோல் நிற்பதால் மாடித்தளம், தூண், வளைவு எல்லாம் உள்ளிருந்து தெரிகிறது. சாம்பல், பழுப்பு, வெளிர்ப் பச்சைக் கற்களை ஒழுங்கில்லாமல் கலந்திருந்தார்கள். செங்கல் வரி பதிந்த கல்லைச் சில இடங்களில் மட்டும் வைத்து, சாந்து உதிர்ந்து உள்செங்கல் தெரிவதாகக் காட்டியிருந்தது மிக நுட்பம். புதுக் கல்லின் பளபளப்பு மட்டும் உறுத்தியது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குறை செடியில் இருந்தது. முதல் நாள் பார்த்தபோது இலையெல்லாம் சுவரின் அடியில், பூந்தொட்டி வரிசைபோல. மேலே ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் பழங்கட்டடம் எதையாவது போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். பறவை ஆல், அத்தி வகைப் பழத்தைத் தின்று கூரை விளிம்பில் எச்சமிடும். விதை அங்கேயே முளைக்கும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஈரத்தையும் பிடித்து வைக்கும், அதனால் வேர் அந்தப் பிளவு வழியாகக் கீழே இறங்கும். அதாவது இந்த மரம் மேலிருந்து கீழே வளர்கிறது. கூரை போனால் மழை உள்ளே வரும். மரத்தளம் மக்கும், தளம் போனால் சுவர் மேலிருந்து உதிரும். வளைவும் மூலையும்தான் கடைசிவரை நிற்கும். பாசி தண்ணீர் வழிகிற தடத்தில் மட்டும் பிடிக்கும், பெரணி நிழலான பொந்தில். தரையில் வருவது லாலான் புல். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு அவர்கள் திரும்பச் செய்தபோது மாதிரியே மாறிவிட்டது. பழுப்பு நிறக் குழாய்த் துண்டுகளை வேராக்கி மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டார்கள். இலை குறைந்தது, ஆனால் செடி வளர்ந்ததுபோல் தெரிந்தது.

வருணனைக் கட்டுரை கற்பிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ‘செடி கொடிகள் மண்டிக் கிடந்தன’ என்ற வாக்கியம் தப்பில்லை. ஆனால் அது சுவரின் அடியில் ஒட்டிய இலை மாதிரி. எது முதலில் விழுந்தது, எங்கே ஈரம், எந்தச் செடி எங்கே என்று பார்த்தவன் எழுதும் வாக்கியம் வேறு. எங்கள் மாணவன் ஒருவன் பிறகு எழுதினான்: மாடிக்குப் போகும் படி இருக்கிறது, மாடி இல்லை. எனக்கு அது போதும்.

இன்னொரு குறை, இதுதான் முக்கியம். சுவரில் ஏறக்குறைய 60 கல் குறைகிறது. ஆனால் கீழே தரை சுத்தம். கூட்டிப் பெருக்கிய மாதிரி! “விழுந்த கல் எங்கே?” என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டடம் இடிந்தால் கல் காற்றில் கரைந்து போகாது. ஒன்று கீழே குவிந்து கிடக்க வேண்டும், அல்லது யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். எடுத்துப் போனால் அதை வைத்து வேறு எங்கோ ஏதோ கட்டியிருக்க வேண்டும், ஒரு அடுப்போ, கிணற்றுத் திட்டோ, கோயில் பீடமோ. இடிபாடு எதையுமே நான் இப்போது இந்தக் கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். இல்லாமல் போனதற்கு அது கணக்குச் சொல்கிறதா? கடைப் பெட்டிக் கோயில் சொல்லவில்லை. தா புரோமில் விழுந்த கற்கள் முற்றத்தில் குவிந்தே கிடக்கின்றன, அதனால்தான் அந்த இடம் நம்பும்படி இருக்கிறது.

இந்தக் கேள்வியை அவர்கள் என்னை விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். “அப்ப லயம் எங்க டீச்சர்?”

நியாயமான கேள்வி. இந்த மாளிகை எழுந்த பணம் கரும்புப் பணம். செபராங் பிறையின் தென்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கரும்புக் காடு. அதை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. முதலாளி வீடு ஒன்று. அதைச் சுற்றி லயங்கள் எத்தனையோ. மாளிகை செங்கல்லும் சுண்ணாம்பும், ஆகவே இடிந்த பிறகும் நின்று பேய்க் கதைக்கு இடம் கொடுக்கிறது. லயம் பலகை, அத்தாப்பு, பிறகு தகரம். அது இடிபாடாகக்கூட மிஞ்சாது. பலகையைப் பிரித்து எடுத்துவிட்டால் அடுத்த மழைக்கு அந்த இடம் வெறும் தரை. குட்டிச்சுவர் என்று தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. குட்டிச்சுவர் மிஞ்சுவதற்கும் முதலில் ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும்.

பேராக், பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகையோடு இதை ஒப்பிட்டுக் காட்டலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கினார். 1926-இல் லிஸ்பனில் இறந்தபோது வேலை முடியவில்லை. அதுவும் காடேறிக் கிடந்து பின்னர் மீட்கப்பட்டது. அங்கே வேலை செய்த தமிழர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் பக்கத்தில் இருக்கிறது, அதன் கூரைச் சிற்பங்களில் ஸ்மித்தும் ஒருவர் என்பார்கள். ஆக, அங்கே போகிறவர் துரையையும் பார்க்கலாம், கட்டியவர்களின் தடத்தையும் பார்க்கலாம்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. லெகோ நிறுவனம் 2018 முதல் தன் இலை, புதர், மரத் துண்டுகளைக் கரும்பிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்கில் செய்கிறது.  இதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி ஒரே சத்தம். கரும்பால் எழுந்த வீட்டைக் கரும்பே மூடுகிறது! எங்கள் பிள்ளைகள் வைத்திருந்த கற்களில் பாதி இணையச் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிய பெயரில்லாத கற்கள் என்பதால், எந்த இலை கரும்பு, எது இல்லை என்று சொல்ல வழியில்லை. அது தெரிந்தும் ஒருவன் ஒவ்வொரு இலையாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் குழு இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே தங்கள் வேலையை மாற்றிவிட்டது. அவர்கள் முதலில் கட்டியிருந்தது சாதாரண மாளிகை, இரண்டாவதைவிட மோசம். அதைப் பிரித்துக் கல்லை எல்லாம் இரண்டாம் குழுவிடம் கொடுத்துவிட்டார்கள், கீழே குவித்து வைக்க. தங்களுக்கு ஒரு பச்சை அடித்தட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் வரிசையாக, நான்கு குமிழ் இடைவெளியில், ஒற்றைக் குமிழ் தட்டைத் துண்டுகள், லயத்துக் கால்கள் நின்ற இடம். ஒரு ஓரத்தில் ஒரு கிணறு. இன்னொரு ஓரத்தில் சின்ன முனியாண்டி பீடம், பக்கத்தில் ஒல்லியாக ஒரு முருங்கை. நடுவில் செம்பனை வரிசை அந்தக் கால்தடங்களின் மேலேயே போகிறது. அவ்வளவுதான். ஆள் பொம்மை ஒன்றுகூட இல்லை.

பார்வையாளர்கள் இதன் முன்னால் நிற்கவில்லை. ஒரு பெற்றோர், “இது இன்னும் முடியலையா?” என்றார். காட்சிப்பொருளாக இது தோல்விதான். யாராவது பக்கத்தில் நின்று விளக்கினால்தான் புரியும். என் மதிப்பெண் மூன்றில் இதற்குத்தான் அதிகம் என்றாலும், அந்தத் தோல்வியை மறைக்க விரும்பவில்லை. காலியான இடத்தை வைத்து ஒன்றைச் சொல்வது பெரியவர்களுக்கே கைவராத வேலை. முருங்கையும் கிணறும் இருந்தும் அது வீட்டுத் தடம் என்று படிக்கத் தெரியாமல் போனதில் பார்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. இந்த ஊர்க்காரர்களே கடந்து போனார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

குழுவினர் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் நாள் ஓர் அட்டை வைத்தார்கள். அதன் முதல் வரைவு என்னிடம் வந்தது: ‘எம் மூதாதையரின் வியர்வையால் விளைந்த வீரவரலாறு’. எதுகை மோனை எல்லாம் சரியாக இருந்தது, மாதிரியோடுதான் ஒட்டவில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், லயத்தில் எத்தனை வீடு ஒரு வரிசையில், கிணறு எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டு வரச் சொன்னேன். ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டு வந்தாள். தட்டைத் துண்டுகளின் வரிசையை மறுபடி எண்ணி, இரண்டைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தார்கள். கிணறும் எதிர்ப்பக்கம் போனது.

கடைசியில் அட்டையில் இருந்தது இது: ‘இங்கே ஒரு வரிசைக்குப் பத்து வீடு. தண்ணீர் கிழக்கே. முருங்கை ஆறாவது வீட்டுக்காரர் வைத்தது.’